பைத்தனிலிருந்து கம்பாத் வரை: அகேட் கற்களின் பின்னே ஏழு நாட்கள்

6 ஜனவரி 2025, திங்கட்கிழமை: பைத்தன்

காங்கேயத்தைச் சுற்றியுள்ள காடுகளில் குவார்ட்ஸ் எனப்படும் பளிங்குக் கல் பொறுக்கி வளர்ந்தவன் நான். மழை ஓய்ந்த மறுநாள் காலையில், மண் கழுவப்பட்டுக் கற்கள் வெயிலில் மின்னும்போது குனிந்துகொண்டே நடப்பது எங்கள் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். கடந்த நான்கு ஆண்டுகளாக, அகேட் என்னும் வரிக்கல் கொண்ட சிறிய ஜியோடுகளைச் சேர்த்துப் படம் எடுத்து இணையத்தில் பகிர்ந்து வருகிறேன். வெளியே உருளைக்கிழங்கைப் போலக் கரடுமுரடாகவும் உள்ளே பொந்தாகவும் இருந்து, அந்தப் பொந்தின் சுவரில் வரிவரியாக அகேட்டும் அதன்மேல் பளிங்குப் படிகங்களும் வளர்ந்திருக்கும் கல்லைத்தான் ஜியோடு என்கிறார்கள். என்னிடம் இருந்தவை எல்லாம் கடையிலும் அஞ்சலிலும் வாங்கியவை. அவற்றின் படத்துக்குக் கீழே 'மகாராஷ்டிரம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதையும் என்னால் எழுத முடிந்ததில்லை. அது நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்ததால், புனேயில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பொங்கலுக்கு ஊர் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் புறப்பட்டேன்.

பயணத்தைப் பைத்தனில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. இன்று பட்டுப்புடவைக்குப் பெயர்பெற்ற இந்தக் கோதாவரிக் கரை ஊர், சாதவாகனர்களின் தலைநகரான பிரதிட்டானம். முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் பயணக் குறிப்பில், பைத்தனிலிருந்து ஏராளமான வரிக்கற்கள், பாதையே இல்லாத பெருவெளிகளின் ஊடாக வண்டிகளில் குஜராத்தின் பரூச் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததாகவும், இரண்டு ஊர்களுக்கும் இடையே 20 நாள் வழி என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வண்டிகள் சென்ற திசையிலேயே நாங்களும் செல்வதென்று முடிவு செய்திருந்தோம்.

காலை ஏழரை மணிக்குக் கோதாவரியின் சரளை மேட்டில் இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. காங்கேயத்து மார்கழியை நம்பி ஒரே ஒரு மெல்லிய போர்வையுடன் வந்த எனக்கு இந்தக் குளிர் கடுமையாகவே இருந்தது. ஆற்றோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நாங்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று எண்ணி, தம் வேலையை நிறுத்திவிட்டுத் தாமும் தேடத் தொடங்கினார். கல் தேடுகிறோம் என்று மைத்துனர் விளக்கியதும், கால்மணி நேரத்தில் எங்களைவிட நல்ல கற்களாக நான்கு எடுத்துக் கையில் வைத்துவிட்டுத் துணிக்குத் திரும்பினார். அவை ஜியோடுகள் அல்ல. ஆறு உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய அகேட் கூழாங்கற்கள். அவற்றில் ஒன்றை நனைத்து வெயிலுக்கு எதிரே பிடித்தபோது, தேன் நிறத்தில் மயிரிழை போன்ற வரிகள் தெரிந்தன.

மதியம் ஜுன்கா பாகர் சாப்பிட்டோம். கடலை மாவைத் தாளித்துக் கிளறிய ஜுன்காவும், சோள ரொட்டியும், பச்சை மிளகாயையும் பூண்டையும் இடித்த டேச்சாவும் சேர்ந்து ஒருவருக்கு 80 ரூபாய். சோளச் சோறு தின்று வளர்ந்த என் பாட்டிக்கு இந்த ரொட்டி மிகவும் பிடித்திருக்கும்.

7 ஜனவரி, செவ்வாய்க்கிழமை: அஜந்தா

சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து, அதாவது பழைய ஔரங்காபாத்திலிருந்து, அஜந்தாவுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சில்லோடைத் தாண்டியதும் பேருந்து நின்ற இடத்தில் ஒரு தட்டு அவலும் தேநீரும் 35 ரூபாய்க்குக் கிடைத்தன. மேலே தூவியிருந்த பச்சைக் கொத்தமல்லியின் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது.

குகைகளைப் பற்றி அறிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க விரும்பியது ஓவியங்கள் தீட்டப்படாத சுவர்களை. வாகோரா ஆறு குதிரை லாடம் போல வளைந்து அறுத்த மலைச்சரிவில் இந்தக் குகைகள் குடையப்பட்டுள்ளன. அந்த மலை முழுவதும் பாசால்ட் என்னும் எரிமலைக் கருங்கல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வெடிப்புகளின் வழியே எரிகுழம்பு மேலும் மேலும் வழிந்து, இறுகி, அடுக்கடுக்காக உயர்ந்தது. இன்று எஞ்சியிருப்பதே 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. குழம்பு குளிரும்போது அதில் கரைந்திருந்த வாயுக்கள் குமிழ்களாகப் பிரிந்தன. மேலேறி வெளியேறுவதற்குள் கல் இறுகிவிட்டதால் குமிழ்கள் பொந்துகளாக உள்ளேயே நின்றுவிட்டன. பிற்காலத்தில் கல்லின் ஊடே கசிந்த நீர், தன்னோடு சுமந்துவந்த சிலிக்கா என்னும் கனிமப் பொருளை அந்தப் பொந்துகளின் சுவரில் மெல்லிய படலங்களாகப் படியவிட்டது. சுவரிலிருந்து உள்நோக்கிப் படலம் படலமாக வளர்ந்ததுதான் அகேட்டின் வரி. நடுவில் இடம் மிஞ்சினால் அங்கே பளிங்கு முனைகள் மையத்தை நோக்கி வளரும். இடம் முழுவதும் நிரம்பிவிட்டால் அது உள்ளீடு நிறைந்த உருண்டைக் கல்லாகிவிடும். வேலை முடியாமல் விடப்பட்ட ஒரு குகையின் சுவரில் கடுகளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை வெள்ளைப் புள்ளிகளைக் கண்டேன். சிற்பியின் உளி, கல்லையும் அந்தப் புள்ளிகளையும் ஒரே வீச்சில் வெட்டிச் சென்றிருக்கிறது. விரலைக்கூட வைக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் கல் விற்பவர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். தட்டுகளில் ஸ்டில்பைட், பச்சை அப்போஃபிலைட் போன்ற கனிமப் படிகங்கள், பிளந்த ஜியோடுகள் என்று அடுக்கியிருந்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் இளஞ்சிவப்பு ஜியோடுப் பாதி ஒன்றுக்கு இளைஞர் ஒருவர் 600 ரூபாய் சொல்லி, நாங்கள் நடக்க நடக்க விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, பேருந்துப் படிக்கட்டில் 150 ரூபாய்க்குக் கொடுத்தார். அந்த நிறம் என்னை மயக்கியது உண்மை. இரவு ஃபர்தாபூர் விடுதியில் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துப் படம் எடுத்து, 'அஜந்தா, இளஞ்சிவப்பு ஜியோடு' என்று எழுதிப் பகிர்ந்தேன்.

அரைமணி நேரம் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் மிகுந்த பணிவுடன் எழுதியிருந்தார்: 'ஐயா, கல்லின் வெடிப்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறம் அங்கே மட்டும் அடர்ந்து நிற்கிறது அல்லவா?' பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. மைத்துனர் பக்கத்துக் கடையில் 40 ரூபாய்க்கு நகப்பூச்சு நீக்கி வாங்கிவந்தார். பஞ்சில் நனைத்துத் தேய்த்ததும் பஞ்சு ரோஜா நிறமாயிற்று. அகேட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் அது சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். தேனில் ஊறவைத்து நிறமேற்றும் வழக்கம் ரோமானியர் காலத்திலேயே இருந்தது. ஜெர்மனியின் இடார் ஓபர்ஸ்டைன் நகரம் 19ஆம் நூற்றாண்டில் அதைப் பெருந்தொழிலாகவே வளர்த்தது. சாயமிடுவதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். சாயமிட்டதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம், அன்று இரவு அதைச் செய்தவன் நான். படத்தை நீக்காமல், பஞ்சின் படத்தையும் பக்கத்தில் சேர்த்து, குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டு, தவற்றைக் காட்டியவருக்கு நன்றி சொன்னபின்தான் உறக்கம் வந்தது.

8 ஜனவரி, புதன்கிழமை: ஃபர்தாபூருக்கு அருகில் ஒரு கிராமம்

கிராமத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எங்களை உள்ளே விட்டவர்களின் நிலத்தில் நாளை வேறு யாரும் அனுமதியின்றிக் கடப்பாரையோடு நுழைந்துவிடக் கூடாது.

விடுதிக்காரர் சொல்லித்தான் அந்த விவசாயியைச் சந்தித்தோம். அறுபது வயதைக் கடந்தவர், வெள்ளைத் தொப்பியும் வேட்டியும் அணிந்தவர். மைத்துனர் அவரைக் 'காகா' என்று அழைத்தார். அவருடைய கரிசல் காட்டில் பருத்தி கடைசிப் பறிப்பில் இருந்தது. அடுத்த பாத்தியில் சோளம் பால்பிடித்து நின்றது. கரிசல் மண்ணே பாசால்ட் சிதைந்து உண்டானதுதான். கருங்கல் மக்கி மண்ணாகும்போதும், பளிங்கு இனத்தைச் சேர்ந்த அகேட் மக்காமல் அப்படியே நின்றுவிடுகிறது. ஒவ்வோர் உழவிலும் மேலே வரும் கற்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வரப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கார்கோட்டி என்கிறார் காகா. நாசிக்குக்கு அருகே சின்னரில் உள்ள புகழ்பெற்ற கனிம அருங்காட்சியகத்துக்கும் அதே பெயர்தான்.

கல்லுக்கு என்ன தர வேண்டும் என்று மைத்துனர் கேட்டார். "கல்லுக்குக் காசா? நீங்கள் கொண்டுபோனால் என் மாட்டின் குளம்பு பிழைக்கும்" என்று சொல்லிவிட்டு, வரப்பை விட்டுவிட்டு எங்களைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆழப்படுத்திய கிணறு அது; வெடிவைத்து எடுத்த கல் மலைபோலக் குவிந்து கிடந்தது. இந்தியக் கனிமங்களாக உலக அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றில் பலவும் இப்படிக் கிணறு தோண்டும்போதும் கல்குவாரியிலும் வெளிப்பட்டவையே. அந்தக் குவியலில் நாங்கள் நான்கு மணி நேரம் இருந்தோம்.

ஜியோடைத் தேடுகிறவன் முதலில் கையைத்தான் நம்ப வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு உருண்டைகளை இரு கைகளில் எடுத்துப் பார்த்தால், உள்ளே பொந்துள்ளது எடை குறைந்து தெரியும். அதன்பிறகு தோல்: அகேட் உருண்டையின் மேல்பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகவும், சில நேரம் பசுமை கலந்த மெல்லிய பூச்சோடும் இருக்கும். ஐயம் வந்தால் கத்தி முனையால் கீறிப் பார்க்கலாம். கால்சைட் என்னும் மென்மையான கனிமம் கீறுபடும், அகேட் கீறுபடாது. கண்டெடுத்தவற்றில் பெரும்பாலானவை எலுமிச்சை அளவு. மிகப் பெரியது என் பேரனின் கைமுட்டி அளவு. நான் சிறியவற்றையே விரும்புகிறேன். பெரிய ஜியோடை வீட்டில் வைத்தால் அது அலங்காரப் பொருள். சிறியதை விரலிடுக்கில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், அதற்குள் ஒரு குகை முழுமையாக இருக்கும்.

உடைப்பதில்தான் அன்றைய விபத்து நேர்ந்தது. உருண்டையின் நடுவயிற்றைச் சுற்றி உளியால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே திருப்பி வர வேண்டும். இரண்டு மூன்று சுற்றுகளில் கல் தானாகவே ஒரு கோட்டில் பிளந்துகொள்ளும். முதல் மூன்று கற்களில் இதைப் பொறுமையாகச் செய்தேன். நான்காவது கல் பிடிவாதமாக இருந்ததால் ஓங்கி அடித்துவிட்டேன். அது ஆறு துண்டுகளாகச் சிதறி, ஒரு சில்லு என் இடது கட்டைவிரலைக் கண்ணாடி போலக் கிழித்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. காகாவின் மனைவி ஓடிவந்து, என்னைத் திட்டிக்கொண்டே மஞ்சள்தூளை வைத்து அழுத்தித் துணியால் கட்டினார். மராத்தியில் அவர் என்ன சொன்னார் என்று மைத்துனரைக் கேட்டேன். "அக்கா சொல்வதைத்தான் சொல்கிறார், மாமா" என்றார்.

சிதறிய துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தபோது மனம் கனத்தது. அந்த ஒரு கல்லில்தான் பளிங்கின் முனைகள் இளம் ஊதாவாக இருந்தன. பளிங்கினுள் நுழைந்த இரும்பின் மீது, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு நெடுங்காலம் பட்டுப்பட்டு உண்டாகும் நிறம் அது. அத்தனை காலம் இருளில் வளர்ந்ததை ஒரே அடியில் உடைத்துவிட்டேன். ஆறு துண்டுகளையும் சேர்த்து வைத்து எடுத்த படத்தையே முதலில் பகிர்ந்தேன். எப்படி உடைக்கக் கூடாது என்பதை அடியில் எழுதினேன்.

மாலையில் ஹுர்டா. பால்பிடித்த சோளக்கதிர்களைச் சாண வரட்டித் தணலில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்து, பூண்டுச் சட்னியோடும் வெல்லத்தோடும் தருகிறார்கள். பச்சை நிறத்தில் இனிப்பும் புகையும் கலந்த அந்த மணிகளை எவ்வளவு தின்றோம் என்ற கணக்கே இல்லை. புறப்படும்போது, பேரப்பிள்ளைகளுக்கு என்று கொடுத்த பணத்தைக் காகா வாங்க மறுத்தார். அதற்குப் பதிலாக, அவருடைய பேத்தி என் கைப்பேசியில் இருந்த படங்களைத் தாத்தாவின் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னாள். தன் கிணற்றுக் கல்லுக்குள் இருந்ததை அவர் படத்தில் பார்த்ததும், பெரிதாக்கி, மறுபடியும் பெரிதாக்கி, மனைவியிடம் காட்டினார். பிளந்த கல்லைக் கையில் வைத்துப் பார்த்தபோது அவர் இப்படி வியக்கவில்லை.

9 ஜனவரி, வியாழக்கிழமை: ஜல்காவ்

வாழைத்தோட்டங்களின் ஊர். பேருந்து நிலையத்தில் ஒரு டஜன் பழம் 30 ரூபாய். மதியம், தணலில் சுட்ட பச்சைக் கத்தரிக்காயை மசித்துச் செய்யும் பரித்தும், காரம் மிகுந்த சேவ் பாஜியும் சாப்பிட்டோம். பரித் நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்கு நெருங்கிய உறவு.

கற்கள் பையில் கனத்தன. பாதியை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று கூரியர் நிலையம் ஒன்றுக்குப் போனால், கல் என்றதும் வாங்க மறுத்துவிட்டார்கள், காரணமும் சொல்லவில்லை. இரவு பதினொரு மணிக்கு வர வேண்டிய ரயில் இரண்டரை மணிக்குத்தான் வந்தது. நடைமேடையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, பக்கத்தில் இருந்த வாழைக்காய் வியாபாரியின் குடும்பம் ஒரு கம்பளியைக் கொடுத்தது. வண்டியில் ஏறும்போது திருப்பித் தந்தால் போதும் என்றார்கள்.

10 ஜனவரி, வெள்ளிக்கிழமை: பரூச், ரத்தன்பூர்

பைத்தனிலிருந்து 20 நாள் நடந்த வண்டிகள் சேர்ந்த இடத்தை நாங்கள் ஐந்தாம் நாள் அடைந்தோம். பரூச்சின் உப்பு வேர்க்கடலை புகழ்பெற்றது. ரயில் நிலைய வாசலில் வாங்கிய சூடான பொட்டலம் 20 ரூபாய், தோல் நீங்கி வெளுத்து, வாயில் போட்டதும் கரைகிறது.

ஜகடியா வட்டத்தில் உள்ள ரத்தன்பூர், நூற்றாண்டுகளாக அகேட் வெட்டி எடுக்கும் ஊர். இங்கே கல் பாசால்ட்டுக்குள் இல்லை. பாசால்ட்டிலிருந்து உதிர்ந்து, பழங்கால ஆறுகளால் அடித்துவரப்பட்டு, சரளையாக மீண்டும் படிந்த அடுக்குகளில் இருக்கிறது. குழி தோண்டி அந்த அடுக்கை அடைந்து கூழாங்கற்களை எடுக்கிறார்கள். குன்றின் மேல் பாபா கோர் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகேட் வாணிகத்தை வளர்த்த பெரியவர் அவர் என்பது, ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்களின் மரபு. கல் தொழிலின் மூதாதையாக ஒரு துறவியை வணங்கும் இடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. காலணியைக் கழற்றிவிட்டு ஏறினோம். அங்கிருந்த முதியவர் ஒருவர் என் கட்டைவிரல் கட்டைப் பார்த்து, கல் கிழித்ததா என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றதற்குத் தம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பத்து விரல்களிலும் தழும்பு.

குத்தகை நிலம் என்பதால் ஒரு கல்லையும் எடுக்கவில்லை. வெயிலில் பரப்பி வைத்திருந்த மஞ்சள் கற்களை மட்டும், கேட்டுக்கொண்டு, படம் எடுத்தேன். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்தபின் இவற்றை மண்கலங்களில் இட்டு வரட்டித் தணலில் வேகவைப்பார்கள். கல்லில் உள்ள இரும்புச் சேர்மம் சூட்டில் நீரை இழந்து சிவக்கும். நம் தொல்லியலாளர் சூதுபவளம் என்று எழுதும் கல் இதுதான். கீழடியிலும் சூதுபவள மணிகளும் அகேட் மணிகளும் கிடைத்துள்ளன. எங்கள் பக்கத்து நொய்யல் கரைக் கொடுமணலில் அவற்றைப் பட்டறை வைத்தே செய்திருக்கிறார்கள். அந்த மணிகளின் மூலக்கல் இந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கொடுமணலில் வெறுங்காலோடு நடந்த எனக்கு, இந்தக் குன்றின் மண்ணில் நிற்பது உறவினர் வீட்டுக்கு முதன்முறை வந்ததைப் போலிருந்தது.

11 ஜனவரி, சனிக்கிழமை: கம்பாத்

ஒரு காலத்தில் பெருந்துறைமுகம். இப்போது சேற்றுவெளிக்கு அப்பால் கடல் விலகிப்போன ஊர். பட்டம் விடும் உத்தராயணத் திருநாளுக்கு மூன்று நாளே இருந்ததால் தெருவெங்கும் காற்றாடி. பட்டம் செய்வதிலும் கம்பாத் பெயர்பெற்றது. வண்ணத்தாளும் மூங்கில் குச்சியும் மலையாய்க் குவிந்த சந்துகளின் நடுவே, கல் பட்டறைகளின் 'டிக் டிக்' ஓசையைக் கேட்டுக்கேட்டே வழி கண்டுபிடித்தோம்.

பட்டறையில் பார்த்ததை என்னால் எளிதில் மறக்க முடியாது. கைவினைஞர் தரையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு எதிரே கூரிய இரும்புக்கம்பி ஒன்று சாய்வாக மண்ணில் நட்டிருக்கிறது. கல்லின் விளிம்பை அந்த முனையில் வைத்து, எருமைக்கொம்பால் ஆன தலையுள்ள சுத்தியால் மறுபக்கம் மெல்லத் தட்டுகிறார். தட்டிய பக்கம் அப்படியே இருக்க, இரும்பு தொட்ட பக்கத்தில் சில்லு பெயர்கிறது. ஒரு நிமிடத்துக்குள் கரடான கல் மணியின் வடிவத்துக்கு வந்துவிட்டது. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத லோத்தலில், சிந்துவெளிக் காலத்து மணிப்பட்டறை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. மூன்று நாட்களுக்கு முன் ஒரே அடியில் கல்லைச் சிதறடித்த நான், அவருடைய மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பையில் இருந்த சிறிய ஜியோடு ஒன்றை வாங்கிக் காதருகே வைத்து நகத்தால் தட்டிப் பார்த்து, "இது நல்ல கல், பாய். ஆனால் எங்களுக்கு உதவாது. உள்ளே காற்று இருக்கிறது" என்றார். நான் தேடியலைவது எதையோ, அதுவே அவருக்குக் கழிவு.

அடுத்த அறையில் சாணைச் சக்கரம். அங்கே காற்றே வெள்ளையாக இருந்தது. கல்லைத் தீட்டும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, அதைத் தழும்பாக்கி இறுக்குவது சிலிக்கோசிஸ். அதற்கு மருந்தில்லை, வந்தவரை காசநோயும் எளிதில் பற்றும். கம்பாத்தையும் அடுத்துள்ள ஷகர்பூரையும் சேர்ந்த அகேட் தொழிலாளர்களிடம் இந்நோய் இருப்பதை, அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துள்ளனர். சக்கரத்தில் இருந்த இளைஞர் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டியிருந்தார். அவருடைய தந்தையும் மூத்த சகோதரரும் இதே வேலையில் இருந்து இறந்துவிட்டதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் கை கல்லை விட்டு விலகவில்லை. தூசியை உறிஞ்சும் குழாயும், நீர்விட்டுத் தீட்டும் முறையும் உண்டு. இரண்டுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைக் கல்லின் விலையில் சேர்க்க வாங்குகிறவர்கள் முன்வருவதில்லை. கடையில் கண்ணாடி போல மின்னும் அகேட்டை நான்கு ஆண்டுகளாக மலிவாக வாங்கி, அதன் பளபளப்பைப் புகழ்ந்து படம் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த அறையில் படம் எடுக்கலாம் என்று உரிமையாளர் சொன்னார். கைப்பேசியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரவு உந்தியூவும் ஜலேபியும் வாங்கினோம். அவரைப் பிஞ்சும் சேனையும் கிழங்குகளும் சேர்ந்து எண்ணெயில் வெந்த உந்தியூ இந்தப் பருவத்துக்கே உரியது. அன்று என்னால் அதிகம் சாப்பிட முடியவில்லை.

12 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை: கம்பாத்திலிருந்து ஊருக்கு

காலை முழுவதும் விடுதி மாடியில் கற்களைக் கழுவிப் படம் எடுத்தேன். மொத்தம் 23. வெயில் நேராக விழாத வடக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத் துணியின் மேல், பக்கத்தில் ஓர் இரும்பு அளவுகோலை வைத்து, ஒவ்வொன்றையும் உலர்ந்த நிலையில் ஒரு முறையும் நனைத்து ஒரு முறையும் எடுத்தேன். நனைத்தால் வரிகள் தெளிவாகத் தெரியும். ஆனால் கல்லின் உண்மை நிறம் உலர்ந்த படத்தில்தான் இருக்கிறது. விளிம்பு மெலிந்த கற்களுக்குப் பின்னால் கைவிளக்கை வைத்தபோது, ஒன்றில் மட்டும் 40க்கு மேற்பட்ட வரிகளை எண்ணினேன். மேலே வானம் முழுவதும் பட்டங்கள். பக்கத்து மாடிப் பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு வந்து, வரிகளை எனக்குப் பின்னால் மறுபடியும் எண்ணி, 43 என்று முடிவு செய்தார்கள்.

குறிப்புகளை எழுத நெடுநேரம் ஆயிற்று. பழைய படங்களுக்குக் கீழே இருந்த 'மகாராஷ்டிரம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், 'கடையில் வாங்கியது, இடம் தெரியாது, மெருகிட்டவர் தெரியாது' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். புதியவற்றுக்கு எழுதியது இப்படி: 'அகலம் 38 மில்லிமீட்டர். அஜந்தா மலையடிவாரத்துக் கரிசல் காட்டில், கிணறு ஆழப்படுத்தியபோது வெளிவந்த கல். நில உரிமையாளரின் அனுமதியுடன் 8 ஜனவரி 2025 அன்று எடுத்து, கையால் உடைத்தது. மெருகில்லை, சாயமில்லை, படத்தில் நிறம் கூட்டவில்லை.'

கற்களைக் குஜராத்திச் செய்தித்தாளில் சுற்றி, இடுக்குகளில் மைத்துனர் வாங்கிய சூத்தர்ஃபேணி இனிப்புப் பெட்டிகளைச் செருகி, இரண்டு பைகளாகக் கட்டினோம். ரயில் ஏறியபின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. காகாவின் பேத்தி அனுப்பியது. கிணற்றடிக் குவியலில் அவர்களே ஒரு கல்லைத் தேடியெடுத்து, நான் செய்ததைப் போலவே சுற்றிச் சுற்றித் தட்டி, ஒழுங்காக இரண்டாகப் பிளந்து, சாக்கின் மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். உள்ளே வெண்மையான வரிகளும், நடுவில் அவரைவிதை அளவு பொந்தும், அதில் பொடிப் பளிங்கும். பக்கத்தில் அவளுடைய பள்ளிக்கூட அளவுகோலும், அதன் ஓரத்தில் காகாவின் கட்டைவிரலும் தெரிந்தன.